லெட் கோ

சோஹார் துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம்
மொத்தம் பதினோரு சொல்.
அதில் இரண்டுதான் எனக்குச் சோறு போட்டது:
லெட் கோ.

பைலட் கப்பலின் உச்சியில் நின்று
வாக்கிடாக்கியில் இருமிவிட்டுச் சொல்வார்,
லெட் கோ ஹெட் லைன்.
நானும் ஷோஹாக்கும் ஓடிப்போய்
கொக்கியிலிருந்து கயிற்றின் கண்ணைத் தூக்குவோம்.
என் தொடைப் பருமன். நனைந்திருந்தால் இரண்டு ஆள் கனம்.
தண்ணீரில் அறைந்து விழும்.
மேலிருந்து பதில் வரும்: ஆல் கோன்.
அத்தோடு அந்தக் கப்பல் யாரோ, நாங்கள் யாரோ.

ரோமெல் முதல் நாளே சொன்னான்,
இறுகின கயிற்றைத் தொடாதே.
ஸ்லாக் கேள். தொங்கட்டும்.
அதுக்கு அப்புறம்தான் கை.
அவன் இடது முழங்காலுக்குக் கீழே
கயிறு ஒன்று திரும்பி அடித்த இடம்
மழித்த தோல்போல மினுங்கும்.

கொஞ்ச நாளில் அந்தச் சொல்
எங்களோடு பஸ் ஏறி கேம்ப்புக்கு வந்துவிட்டது.
குளியலறைக் கதவைத் தட்டி, பாய், லெட் கோ, டைம் ஆச்சு.
சீட்டாட்டத்தில் ராணியை விடமாட்டேன் என்பவனிடம், லெட் கோ.
மெஸ்ஸில் கடைசி மீன்துண்டை
இரண்டு கரண்டி பிடித்தபோது யாரோ கத்தினார்கள்;
இரண்டும் விட்டன,
மீன் தரையில்.
கல்யாணம் நின்றுபோன ராத்திரி
ஷோஹாக் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தான்.
லெட் கோ, என்றேன்.
எந்த லைன், என்று கேட்டான்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.
மேசைமேல் பேரீச்சம்பழத் தட்டு, யாரும் தொடாதது.
அதிகாரி நல்லவர்தான், எனக்காக மெதுவாகவே பேசினார்:
வீ ஆர் லெட்டிங் யூ கோ.
தெரிந்த சொல்லாயிற்றே.
இருபத்தாறு மாதமாக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
போக விடுகிறார்கள்.
தேங்க் யூ சார், என்றேன்,
இரண்டு கையாலும் கை கொடுத்தேன்,
ஒரு பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டேன்.
அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று
லிஃப்ட் கீழே வரும்வரை யோசித்தேன்.

ரோமெல் கடிதத்தை இரண்டு தடவை படித்தான்.
மூன்றாம் பெர்த்துக்கு இயந்திரம் வருகிறதாம்,
கப்பலின் விலாவை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளுமாம்,
கயிறே வேண்டாமாம்.
எட்டுப் பேர், என்றான். நீயும்.
கொட்டை இன்னும் என் வாயில்தான் இருந்தது.
எனக்கு ஸ்லாக் கொடுக்கவில்லையே, என்றேன்.
அவன் முழங்காலைச் சொறிந்தான்.

ராத்திரி பெலிசித்தாவைக் கூப்பிட்டேன்.
விட்டுட்டாங்க, என்றேன்.
லீவு விட்டுட்டாங்களா!
அடுப்பை அணைக்கிற சத்தம்,
பிள்ளைகளை எழுப்புகிற சத்தம்.
நான் ஏமாந்த அதே குழியில்
அவளும் விழுந்தாள், தமிழிலேயே.

அவர்களுக்கு விட்டால் விட்டதுதான்.
நம் விடு வேறு ஜாதி.
எந்த வினை போனாலும் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்ளும்:
சாப்பிட்டுவிடு. ஃபீஸ் கட்டிவிடு.
மறக்காமல் அனுப்பிவிடு.
இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற சொல்லுக்கு
யார் அந்த அர்த்தம் கொடுத்தார்கள்?
எப்ப வந்துவிடுவீங்க, என்றாள்.
வந்துவிடுவேன், என்றேன்.
அது மட்டும் பொய்யில்லை.

இன்று கடைசி ஷிப்ட்.
நாற்பத்தாறு டிகிரி, கையுறைக்குள் வேர்வை கொதிக்கிறது.
சிமென்ட் கப்பல் ஒன்று. பேர் வாயில் நுழையவில்லை.
பைலட் இருமுகிறார்.
லெட் கோ ஆஃப்ட் ஸ்பிரிங்.
ஷோஹாக் குனிந்துவிட்டான்.
கயிறு கம்பிபோல் நிற்கிறது, உள்ளே முறுக்கு முனகுகிறது.
அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

ஸ்லாக் ப்ளீஸ் சார், என்றேன் வாக்கிடாக்கியில்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு மேலே எங்கோ ஒரு வின்ச் உருண்டது.
கயிற்றின் வயிறு இறங்கி இறங்கி
தண்ணீரைத் தொட்டது.
இன்னும் கொஞ்சம், என்றேன்.
தமிழில்தான் சொன்னேன்.
கொடுத்தார்கள்.